சாயும் சமையல்கட்டு: பாய்மரப் படகில் மிக்சிக்கும் குக்கருக்கும் இடம் செய்வது

ஒரு மீட்டர் நீளப் பலகை ஒன்றை எடுத்து, ஒரு முனையை 42 செ.மீ. உயரத்துக்குத் தூக்கி, அடியில் பழைய புத்தகங்களை முட்டுக் கொடுங்கள். ஏறக்குறைய 25 டிகிரி சாய்வு வந்துவிடும். அதன் மேல் உங்கள் வீட்டு மிக்சியை வைத்து, ஜாரையும் மாட்டிவிட்டு, பலகையைக் கையால் இரண்டு தட்டு தட்டுங்கள். கீழே தலையணை போட்டுவிட்டுச் செய்யுங்கள். நான் போடவில்லை.

பாய்மரப் படகு காற்றை எதிர்த்துப் போகும்போது 15, 20 டிகிரி சாய்ந்தேதான் ஓடும். திடீரென்று ஒரு வீச்சு வந்தால் 25-ஐத் தாண்டும். அந்தச் சாய்வு மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். பிறகு டேக் மாற்றி, அதாவது காற்று மறுபக்கத்திலிருந்து வரும்படி படகைத் திருப்பி, பாய் மறுபக்கம் போனதும், அதுவரை படகின் வெளிக்கூடான ஓட்டுச் சுவரில் பத்திரமாகச் சாய்ந்திருந்த சாமானெல்லாம் அலமாரிக் கதவின் மேல் வந்து சாயும். கதவு திறந்துகொண்டால் எல்லாம் தரையில். படகுக்காரர்கள் சமையல்கட்டை 'கேலி' என்பார்கள். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். முதல் தடவை ஓடும் படகில் சமைக்கப் போகும்போது இரண்டு பொருளும் ஒன்றாகிவிடும்.

சிங்கப்பூரில் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து வாங்கிய 33 அடிப் பழைய படகு எங்களுடையது. அதை வடிவமைத்தவர்கள் நான்கு தட்டு, ஒரு வாணலி, ஒரு கெட்டில் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். சாம்பார்ப் பொடி டப்பாவும் மூன்று ஜார் மிக்சியும் அவர்கள் கணக்கில் வரவில்லை. முதல் தியோமான் தீவுப் பயணத்தில் மிக்சியை சோபா மெத்தைக்கும் பாய்ப் பைக்கும் நடுவில் திணித்துக்கொண்டு போனோம். திரும்பி வரும் வழியில் பாத்தாம் தீவுப் பக்கம் போகும் ஏதோ ஒரு படகு கிளப்பிவிட்ட அலையில், தக்காளிச் சட்னியோடு ஜார் கடல் வரைபட மேசையில் போய் விழுந்தது. ஊருக்கு வந்த மறுவாரமே அளவுநாடாவைக் கையில் எடுத்தேன். மரவேலை தெரியாதவர்கள்கூடச் செய்யலாம். ஆனால் ஒரே வாரயிறுதியில் முடியாது. எனக்கு ஆறு வாரயிறுதி ஆனது, அதில் இரண்டு மழையில் போனது.

எது ஏறும், எது இறங்கும்

பலகை வாங்கும் முன்னால் முடிவு செய்யவேண்டியது, எந்தச் சாதனம் படகில் இருக்க லாயக்கு என்பது. பலரும் வாட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். வாட்டோடு நிமிடத்தையும் பெருக்கிப் பாருங்கள், கணக்கு வேறு மாதிரி வரும்.

600 வாட் மிக்சி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வர்ட்டர் வழியாக ஓடினால், இன்வர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 57, 58 ஆம்ப் இழுக்கும். பயமாக இருக்கும். ஆனால் சட்னி அரைக்க மூன்று நிமிடம் போதும், ஆக மொத்தச் செலவு 3 ஆம்ப்-மணிதான். 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் 7. 400 வாட் சின்ன ரைஸ் குக்கர் 25 நிமிடத்தில் 16 எடுத்துக்கொள்ளும். இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கும் ஏர் ஃப்ரையரை வைத்துப் பாருங்கள்: 1500 வாட், 20 நிமிடம், கிட்டத்தட்ட 48 ஆம்ப்-மணி. 100 ஆம்ப்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் கெடுதல் இல்லாமல் எடுக்க முடியும். ஒரு தடவை கோழி பொரித்தால் இரவு விளக்குக்கு மின்சாரம் இருக்காது. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு, ஆனாலும் சூடாக்கும் சாதனம் எதுவாக இருந்தாலும் எரிவாயு அடுப்புக்கே விட்டுவிடுவது என் கட்சி. மின்சாரக் கெட்டில் வேண்டவே வேண்டாம், விசில் அடிக்கும் கெட்டில் ஒன்று போதும்.

ரைஸ் குக்கருக்கு இன்னொரு வம்பும் உண்டு. உள்பாத்திரத்தின் விட்டம் 20 செ.மீ. என்று வையுங்கள். படகு 20 டிகிரி சாய்ந்தால் தண்ணீர் மட்டம் ஒரு ஓரத்துக்கும் எதிர் ஓரத்துக்கும் 7 செ.மீ. வித்தியாசப்படும். ஒரு பக்கம் கஞ்சி, மறுபக்கம் அரிசி. அதனால் ரைஸ் குக்கரும் கிரைண்டரும் நங்கூரம் போட்ட பிறகோ மரினா படகுத்துறையில் கட்டிய பிறகோ மட்டும்தான். ஓடும்போது சோறு வேண்டுமென்றால், சாய்வுக்கு ஏற்ப ஊசலாடும் படகு அடுப்பில் பிரஷர் குக்கரைக் கவ்வியால் இறுக்கி வையுங்கள்.

இப்படிப் பிரித்த பிறகு, ஏறப்போகும் ஒவ்வொன்றையும் வீட்டுத் தராசில் நிறுத்து எழுதுங்கள். அளவு எடுக்கும்போது சாதனத்தை மட்டும் அளந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மூடி திறந்தால் எவ்வளவு உயரம், பின்னால் வயர் வளைய எவ்வளவு இடம், நம்மூர் மூன்று முள் பிளக் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கும் என்று எல்லாவற்றையும் சேருங்கள். பிளக்குக்கும் வயர் மடிப்புக்கும் மட்டும் 6 செ.மீ. விடவேண்டியிருந்தது எனக்கு.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் முஸ்தபா கடைக்கோ தேக்கா பக்கமோ அளவுநாடாவோடு போங்கள். பெட்டியின் மேல் போட்டிருக்கும் அளவு பல சமயம் பெட்டியின் அளவுதான். பிரித்துக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். கொஞ்சம் ஒல்லியான மிக்சியைத் தேர்ந்தெடுத்தால் பிற்பாடு ஒரு நாள் மரவேலை மிச்சம்.

இடம் தேடுவது

பாரமானது கீழே, படகின் நடுவை ஒட்டி. இந்த ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். 12 கிலோ கிரைண்டரை மேல் அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். 'ட' மாதிரி மடங்கிய சமையல் மேடையில், மூலைக்குள் கைக்கு எட்டாத ஒரு பொந்து இருக்கும். பழைய படகுகளில் அது வெறும் இருட்டு, உள்ளே யாரோ எப்போதோ தொலைத்த கரண்டி. மேடைமேல் ஒரு மூடி வெட்டி அதை மேலிருந்து திறக்கும் கிணறாக ஆக்கலாம். மேலிருந்து திறக்கும் கிணற்றில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பொருள் வெளியே விழாது, கதவும் வேண்டாம். மிக்சி ஜார், ரைஸ் குக்கர் மாதிரி லேசான சாமானுக்கு மிகவும் நல்லது. கிரைண்டரைப் போட்டால், குனிந்து 12 கிலோவைத் தூக்கும்போது முதுகு பேசும். அதற்குத் தரைமட்டத்தில் முன்னால் இழுக்கும் பலகைதான் சரி.

அலமாரி வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் யோசியுங்கள். ஓட்டுச் சுவரை ஒட்டிக் கட்டி, வாயைப் படகின் நடுப்பக்கம் திருப்பினால், ஒரு டேக்கில் முழுப் பாரமும் கதவின் மேல் விழும். அதே அலமாரியைக் குறுக்குத் தடுப்புச் சுவரில் கட்டி, வாயை முன்பக்கமோ பின்பக்கமோ பார்க்க வைத்தால், படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சாமான் அலமாரியின் பக்கச் சுவரில்தான் மோதும். கதவுக்கு வேலையே இல்லை. இதை யாரும் எனக்கு முன்னாடியே சொல்லவில்லை. முதல் அலமாரியைக் கட்டி முடித்து, அதன் கதவு இரண்டு முறை பிய்த்துக்கொண்ட பிறகு நானாகப் புரிந்துகொண்டது.

சில இடங்களைத் தொடவே கூடாது. கடல் நீர் உள்ளே வரும் வால்வுகள், அடித்தளத் தண்ணீரை எட்டிப் பார்க்கும் மூடிகள், பாய்மரக் கம்பிகள் படகோடு பிணையும் இரும்புப் பட்டைகள் ஆகியவற்றின் முன்னால் அலமாரி கட்டினால், ஏதாவது கசியும் நாளில் கோடாலியோடுதான் நிற்கவேண்டும். எரிவாயுக் குழாயின் இணைப்பையும் மூடி மறைக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாமல் படகின் அடியில் போய்த் தேங்கும்.

திசைகாட்டியும் உண்டு. தானியங்கிச் சுக்கானின் மின்னணுத் திசைகாட்டியைப் பெரும்பாலும் படகின் நடுவில், தாழ்வாக, ஏதாவது இருக்கைக்கு அடியில் பொருத்தியிருப்பார்கள். நாம் பாரமான சாமானுக்குத் தேடுவதும் அதே இடம்தான்! மோட்டாரும் காந்தமும் அதன் கணிப்பைக் கெடுக்கும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஒருவர் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் மிக்சியை அந்த இடத்தில் வைத்து, நிறுத்தியும் ஓட்டியும் காட்டட்டும். எண் நகர்ந்தால் வேறு இடம்.

அட்டையில் ஒரு வீடு

வீட்டு மரவேலையும் படகு மரவேலையும் பிரியும் இடம் இது. படகுக்குள் எதுவும் நேராக இருக்காது, எந்த மூலையும் 90 டிகிரி இருக்காது. ரசமட்டம் உதவாது, ஏனென்றால் படகே ஆடிக்கொண்டிருக்கிறது. அளவு எண்களை எழுதி வந்து வீட்டில் பலகை அறுத்தால் நிச்சயம் பொருந்தாது.

குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டைப் பெட்டிகள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எப்படியும் கிடக்கும். அவற்றை வெட்டி, படகில் வைத்துப் பார்த்து, சூட்டுப்பசைத் துப்பாக்கியால் ஒட்டி, முழு அலமாரியையும் அட்டையிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு துண்டிலும் 'மேல்', 'முன்பக்கம்', 'இடப்பக்கம்' என்று எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எது தலை எது கால் என்று தெரியாது. அந்த அட்டை அலமாரியோடு ஒரு வாரயிறுதி படகில் இருந்து சமைத்துப் பாருங்கள். முழங்கால் இடிக்கிறதா, அடுப்பு முழுதாக ஊசலாடுகிறதா, நுழைவாயில் படி இறங்கும்போது கால் தடுக்குகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அட்டையை மட்டும் படகிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

ஓட்டுச் சுவரின் வளைவை எடுப்பதற்கு அட்டை மட்டும் போதாது. ஒரு முனை கூராக, பக்கவாட்டில் இரண்டு மூன்று வெட்டுகளோடு ஒரு குச்சி செய்துகொள்ளுங்கள். அலமாரிப் பலகை வரவேண்டிய அதே தளத்தில் ஒரு சின்னப் பலகையைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். குச்சியை அதன் மேல் படுக்கவைத்து, கூர் முனையைச் சுவரில் தொடவிட்டு, குச்சியின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, வெட்டுகளையும் குறித்து, 1 என்று எண் போடுங்கள். 5 செ.மீ. தள்ளி அடுத்த புள்ளி, 2. இப்படியே சுவர் முழுக்க. பிறகு அந்தச் சின்னப் பலகையைப் பிளைவுட்டின் மேல் வைத்து, குச்சியை ஒவ்வொரு கோட்டிலும் திரும்பப் பொருத்தி, கூர் முனை நிற்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணைத்தால் அச்சு அசலாக அந்த வளைவு வந்து நிற்கும். ஒரு எண்ணைக்கூட அளக்கவில்லை, கவனித்தீர்களா?

அப்புறம் ஒன்று. படகின் நுழைவாயில் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். எங்களுடையது 60 செ.மீ. நான் வீட்டில் அழகாக ஒட்டி, தேய்த்து, பூசி முடித்த முதல் பெட்டி 68 செ.மீ. அது இன்றைக்கும் எங்கள் வீட்டில் செருப்பு அலமாரியாக இருக்கிறது. "கடைசியில எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுத்தீங்களே" என்றாள் மனைவி.

பலகை, திருகு, கீல்

வீட்டுச் சமையலறை அலமாரிகளில் வரும் துகள்பலகை படகில் ஒரு மழைக்காலம் தாங்காது, பிஸ்கட் மாதிரி ஊறிவிடும். பி.எஸ். 1088 தர முத்திரை உள்ள மரீன் பிளைவுட் வாங்குங்கள். முத்திரை இருக்கிறதா என்று பலகையைப் பார்த்தே வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். பாரம் தாங்கும் தட்டுகளுக்கு 12 மி.மீ., பக்கச் சுவர்களுக்கு 9, பின்புறத்துக்கும் ஜார் தாங்கும் தட்டுக்கும் 6 போதும். 1220-க்கு 2440 மி.மீ. முழுத் தாள் 12 மி.மீ. தடிமனில் கிட்டத்தட்ட 20 கிலோ இருக்கும், மின்தூக்கிக்குள்ளும் நுழையாது. சுங்கை காடுட் பக்கத்து மரக்கடைகளில் பெரிய துண்டுகளாக வெட்டித் தரக் கேளுங்கள்.

வீட்டில் அறுக்கலாமா என்றால், வீவக வீடுகளில் சத்தம் வரும் புதுப்பிப்பு வேலைகளுக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் நேரம். சனி ஞாயிறில் மட்டும் ஓய்வு கிடைக்கும் ஆள், மின்ரம்பத்தை எடுத்தால் பக்கத்து வீட்டுப் பாட்டியின் முகத்தில் முழிக்க முடியாது. நான் நேர்வெட்டுகளைக் கடையிலேயே முடித்துக்கொண்டு, வளைவுகளைக் கைரம்பத்தால் அறுத்தேன். மெதுவாகத்தான் போகும், ஆனால் தப்பும் மெதுவாகத்தான் போகும்.

திருகாணிகள் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். 304 உடனே கெட்டுவிடாது, ஆனால் உப்புக்காற்றில் தேத்தண்ணீர்க் கறை மாதிரி பழுப்பு ஒழுகும். ஜாலான் புசார் வட்டார இரும்புச் சாமான் கடைகளில் 316 என்று சொல்லிக் கேட்டால் தனியாக எடுத்துத் தருவார்கள். வீட்டு அலமாரிகளின் மெதுவாக மூடும் கீல்களும், குண்டுகள் உருளும் இழுப்பறைத் தண்டவாளங்களும் முலாம் பூசிய சாதா எஃகு. சில மாதங்களில் துருப்பிடித்து இறுகிவிடும், அதற்கு முன்னால் படகு சாயும்போதெல்லாம் தானாகத் திறந்து உயிரை வாங்கும். இழுப்பறைக்கு மரத் தண்டவாளமே போதும், மெழுகுவத்தியால் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

ஒட்டுவது

எங்கள் பக்கத்துப் படகைப் பழுதுபார்க்க வந்த ஒரு மலாய்ப் பெரியவர், நான் துளைக்கருவியோடு சுவரைப் பார்த்து நிற்பதைக் கண்டு ஓடி வந்தார். "அலமாரிக்காகப் படகில் ஓட்டை போடுவாயா?" என்று கேட்டார். பாக்சிக் (மலாயில் மாமா) என்று கூப்பிட்டு அன்றிலிருந்து அவர் பின்னாலேயே சுற்றினேன். கீழே உள்ளதில் பாதி அவர் சொன்னது.

ஓட்டுச் சுவரில் திருகு ஏறவே கூடாது. உள்ளே பால்சா மரமோ நுரையோ வைத்த சுவராக இருந்தால், ஒரு திருகு வழியாகத் தண்ணீர் போய் முழுச் சுவரும் உளுத்துப்போகும். எபாக்ஸியும் கண்ணாடி இழை நாடாவும்தான் வழி. ஒட்டும் இடத்தில் பெயின்டை முழுக்கச் சுரண்டி, 60 எண் உப்புத்தாளால் இழை தெரியும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். பலகை விளிம்பு நேராகச் சுவரில் அழுந்தக் கூடாது. நடுவில் 5 மி.மீ. நுரைப் பட்டை வையுங்கள். அலை அடிக்கும்போது படகின் சுவர் கொஞ்சம் வளைந்து நிமிரும். விறைப்பான விளிம்பு அந்த ஒரே கோட்டில் அழுத்தினால் நாளடைவில் வெளியிலிருந்து பார்த்தாலே மேடு தெரியும். பிறகு மூலையில், மரத்தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியைக் கரண்டியின் முதுகால் இழுத்து வளைவாகப் பூசி, அது இறுகும் முன்னாலேயே நாடாவை மேலே ஒட்டி எபாக்ஸியால் நனையுங்கள்.

டப்பாவில் போட்டிருக்கும் இறுகும் நேரம் பெரும்பாலும் 25 டிகிரிக்கானது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் நேரம் ஏறக்குறைய பாதியாகும். மதியம் 32 டிகிரியில், மூடிய படகுக்குள், ஒரு குவளை நிறையக் கலக்கி வைத்துவிட்டு நாடா தேடினால், திரும்பி வரும்போது குவளை புகைந்துகொண்டிருக்கும். மெதுவாக இறுகும் வகைக் கடினமாக்கியை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி, குவளையில் வைக்காமல் அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். காலை ஏழு மணிக்கு ஆரம்பிப்பது உத்தமம். ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை அந்த நேரத்தில்தான் சுமத்ரா புயல்மழையும் வந்து நிற்கும், வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதம் அதிகமான நாளில் இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு மாதிரி ஒரு வழவழப்புப் படியும். அதைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் உள்ளே அப்பிக்கொண்டு அடுத்த பூச்சு உரிந்துவிடும். சுத்தமான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாருமாகக் கழுவிவிட்டு, காய்ந்த பிறகு தேயுங்கள். பலகையின் எல்லா முகமும், முக்கியமாக அறுத்த விளிம்புகள், மூன்று பூச்சு குடிக்கவேண்டும். கையுறை, இரசாயன ஆவிக்கான முகமூடி, நுழைவாயிலில் ஒரு மின்விசிறி இல்லாமல் வேலையைத் தொடாதீர்கள். தோலில் அடிக்கடி பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்து ஆயுசுக்கும் எபாக்ஸி பக்கமே போக முடியாது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடு

பெட்டி நின்றுவிட்டது. உள்ளே சாமான் ஆடாமல் இருக்கவேண்டும். மிக்சியின் அடிப்பாகத்தை வரைந்து, நான்கு மூலைக்கும் 4 செ.மீ. உயர மரத்துண்டு ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு கொக்கிப் பட்டை போட்டேன். ரப்பர் கயிறு வேண்டாம், அது நீண்டு கொடுக்கும், மிக்சி துள்ளும். ஜார்களுக்கு 6 மி.மீ. தட்டில் மூன்று வட்ட ஓட்டை, ஜார் பாதிவரை அதில் இறங்கி நிற்கும். மூடி போட்டே வையுங்கள். அலை ஆடும்போது இருட்டில் கைவிட்டால் முதலில் தட்டுப்படுவது பிளேடாக இருக்கக் கூடாது.

இழுப்பறைக்கு ஒரு பழைய தந்திரம்: முன்முகத்துக்குப் பின்னால் அடிப்பலகையில் 1 செ.மீ. ஆழ வெட்டு. மூடியதும் இழுப்பறை சட்டத்தின் மேல் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். தூக்கி இழுத்தால்தான் திறக்கும். எங்கள் கிரைண்டர் பலகையும் அப்படித்தான், கூடவே ஒரு தாழ்ப்பாள்.

கதவுகளுக்குக் காந்தப் பிடிப்பு வேண்டாம். பழைய படகுகளில் ஓட்டைக்குள் விரலை விட்டுத் தாழ்ப்பாளை நெம்பும் வகை உண்டு, படகு குலுங்கும் நேரத்தில் விரல் முறிந்தவர்கள் அனேகம். அழுத்தினால் குமிழ் வெளியே வரும் வகையைப் போடுங்கள். மேடையின் ஓரத்துக் கட்டை 4, 5 செ.மீ. உயரம் இருக்கட்டும். மூலைகளில் மட்டும் இடைவெளி விட்டால் கடுகையும் வெங்காயத் தோலையும் துடைத்துத் தள்ள வசதி.

காற்றோட்டத்தை மறந்தால் அடுத்த மாதம் பூஞ்சையோடு குடித்தனம். கதவின் நடுவில் ஒரு சன்னல் வெட்டிப் பிரம்பு வலை வைத்தேன். பார்க்கவும் நன்றாக இருக்கிறது, காற்றும் போகிறது. அடித்தட்டில் மூலைக்கு மூலை 25 மி.மீ. ஓட்டை. மிக்சியைப் பிளாஸ்டிக் உறையில் மூடினால் உள்ளேயே வேர்த்துவிடும், பழைய பருத்தித் துணி போதும். ரைஸ் குக்கரை அலமாரிக்குள் வைத்தபடி ஓட்டாதீர்கள், அந்த ஆவியில் பிளைவுட் ஒரு வருடம் தாங்காது. வெளியே எடுத்து, திறந்த மேல்சன்னலுக்கு அடியில் வையுங்கள். அட்டைப் பெட்டிகள் எதுவும் படகில் தங்கக் கூடாது, மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டு வரும். சாமானைப் பிரித்து, அட்டையைப் படகுத்துறையிலேயே போட்டுவிட்டு ஏறுங்கள். மாதிரி செய்த அட்டை அலமாரிக்கும் இதே சட்டம்.

மின்சாரம், சுருக்கமாக

மரினாவின் 230 வோல்ட் இணைப்பைத் தொடும் வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளரிடம் கொடுங்கள். கசிவைக் கண்டால் வெட்டும் 30 மில்லிஆம்ப் பாதுகாப்பு இருக்கிறதா என்று அவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். மரவேலைக்காரர் பார்க்கவேண்டியது, பிளக் பொருத்தும் இடம் தொட்டிக்குழாய்த் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருப்பதும், வயர் உரசாமல் போக வழி விடுவதும்தான். இன்வர்ட்டர் சுத்த சைன் அலை வகையாக இருக்கட்டும். மிக்சி கிளம்பும் நொடியில் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும் என்பதால் 600 வாட் மிக்சிக்கு 1500 வாட்டாவது வேண்டும். பேட்டரியிலிருந்து 18 செ.மீ.க்குள் ஃப்யூஸ். நேர், எதிர் கம்பிகளை ஒட்டியே கொண்டுபோங்கள், காந்தப்புலம் ஒன்றையொன்று தின்றுவிடும், திசைகாட்டியும் தப்பிக்கும்.

ஆட்டிப் பார்ப்பது

எல்லாம் முடிந்ததும் நேராகத் தியோமானுக்குக் கிளம்பிவிடாதீர்கள். எல்லாச் சாமானையும் அதனதன் கூட்டில் வைத்து, கதவுகளைத் தாழிட்டு, ஒரு மதியம் வெளியே போய் வாருங்கள். இரண்டு டேக்கிலும் பத்துப் பத்து நிமிடம் சாய்த்து ஓட்டுங்கள். ஒருவர் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு கதவிலும் கை வைத்துப் பார்க்கட்டும். பாரம் கதவின் மேல் விழுவது கையிலேயே தெரியும். சாய்ந்திருக்கும்போதே ஒரு கதவைத் திறந்து ஒரு பொருளை எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். ஒரு கையால் முடியவேண்டும், மற்ற கை பிடிக்கம்பிக்கு.

பெரியவை நின்றபின் சின்னச் சத்தங்கள் கேட்க ஆரம்பிக்கும். லாசரஸ் தீவுப் பக்கம் நங்கூரம் போட்ட முதல் இரவு, அலமாரிக்குள் எங்கோ 'டிங்... டிங்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மிக்சியை அசைத்தேன், இல்லை. குக்கர் வெயிட்டை எடுத்து மெத்தைக்கு அடியில் வைத்தேன், இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கண்டுபிடித்தோம்: இட்லித் தட்டுகளின் நடுக்கம்பி. தட்டுகளுக்கு இடையில் ஒவ்வொரு துண்டுத் துணியை மடித்து வைத்துவிட்டுப் படுத்தோம். அடுத்த வாரம் அவற்றுக்கும் ஒரு கூடு செய்தேன், 6 மி.மீ. பலகையில் மிச்சம் இருந்தது.